பித்தம் தெளிவிப்பது அருவியா? மருந்தா?

நமது நாட்டுப் பெற்றோர்களுக்குப் பிள்ளையின் காலில் முள் தைத்தால் முள்ளைப் பிடுங்கத் தெரிகின்றது. பல் வலித்தால் பல் வைத்தியரிடம் போகத் தெரிகின்றது. கண் மங்கினால் மூக்குக் கண்ணாடி வாங்கிப் போடத் தெரிகின்றது. ஆனால் அதே பிள்ளையின் மூளையில் ஒரு கோளாறு ஏற்பட்டுவிட்டால் மட்டும், அன்றுவரை இருந்த புத்தியெல்லாம் எங்கேயோ பறந்துபோய்க் கோடாங்கியையும், தாயத்தையும், அருவியையும் தேடி ஓடுகின்றார்கள். காலும், பல்லும், கண்ணும் உடம்பைச் சேர்ந்தவை. மூளை மட்டும் உடம்பைச் சேர்ந்ததல்லவா என்று கேட்கின்றோம்.

தென்காசிப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுவோம். திருநெல்வேலியிலிருந்து பிரிந்து 2019-ம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி தனி ஜில்லாவான இந்தச் சின்ன ஜில்லாவுக்குள், புத்தி மாறியவர்களைத் தெளியவைக்கும் என்று ஜனங்கள் நம்பும் இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்து நின்றால் பித்தம் இறங்கிவிடும் என்பது ஒன்று. சங்கரன்கோயிலில் கோமதியம்மன் சந்நிதிக்கு எதிரே உள்ள சக்கரக் குழியில் உட்காரவைத்தால் பிடித்திருக்கும் பேய் ஓடிவிடும் என்பது இரண்டு. பொட்டல்புதூர் தர்காவில் கொண்டுபோய்ப் போட்டால் ஷைத்தான் விலகிவிடும் என்பது மூன்று. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்ன குறைச்சல் என்பதுபோல், பக்கத்துத் தூத்துக்குடி ஜில்லாவில் புளியம்பட்டி அந்தோணியார் கோயில் இருக்கவே இருக்கின்றது. சாப்பாட்டிலும், கலியாணத்திலும், சுடுகாட்டிலும் ஒன்றுசேராத மூன்று மதங்களும், பிள்ளைக்குப் புத்தி மாறினால் டாக்டரிடம் போகவேண்டாம், எங்களிடம் வா என்று கூப்பிடுகிற ஒரு விஷயத்தில் மட்டும் எவ்வளவு ஒற்றுமையாய் இருக்கின்றன பாருங்கள்!

நிற்க, மனக் கோளாறுகளில் பலவகை உண்டு. அவற்றில் நாம் இன்று எடுத்துக்கொண்டது இருதுருவ நோய் என்று டாக்டர்கள் சொல்லுகின்ற ஒன்றாகும். இது பெரும்பாலும் 15 வயதுக்கும் 25 வயதுக்கும் நடுவில் தலைகாட்டுவது. நன்றாய்ப் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருநாள் இராத் தூக்கத்தை விட்டுவிடுகின்றான். தூங்காவிட்டாலும் களைப்பில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. கையிலுள்ள காசையெல்லாம் வாரி இறைக்கின்றான். கடன் வாங்கியும் இறைக்கின்றான். தான் கலெக்டராகப் போவதாகவும், தன்னிடத்தில் தெய்வம் பேசுவதாகவும் சொல்லுகின்றான். தடுத்தால் அடிக்க வருகின்றான். இது ஒரு துருவம். சில மாதம் கழித்து அதே பையன் மூலையில் முடங்கி, சோறு இறங்காமல், யாரோடும் பேசாமல், நான் இருந்து என்ன பிரயோஜனம் என்று உயிரை விடவும் துணிகின்றான். இது இன்னொரு துருவம். இந்த இரண்டுக்கும் நடுவில் நம்மைப்போலவே சாதாரணமாகவும் இருக்கின்றான். நம் ஜனங்களோ மேல் துருவத்துக்குச் ‘சாமி வந்திருக்கிறது’ என்றும், கீழ்த் துருவத்துக்குச் ‘செய்வினை வைத்துவிட்டார்கள்’ என்றும் பெயர் வைத்திருக்கின்றார்கள். நடுவில் சாதாரணமாக இருக்கிற காலத்துக்குத்தான் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. அந்த நடுக்காலந்தான் எல்லா மோசத்துக்கும் வேர் என்பதை இனிமேல் சொல்லுகின்றோம்.

இந்த நோயின் குணமே வருவதும் போவதுமாகும். ஒரு மருந்தும் கொடுக்காமல், ஒரு கோயிலுக்கும் போகாமல், வீட்டில் சும்மா வைத்திருந்தாலும் அந்த மேல் துருவத்து வெறி பொதுவாக மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் தானாகவே தணியும். குற்றாலத்தில் சாரல் காலம் எத்தனை மாதம்? ஆனி, ஆடி, ஆவணி என்று மூன்று மாதம். வெறி பிடித்த பையனை ஆனி மாதம் கொண்டுவந்து, தினம் எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்தி, ஆவணிக் கடைசியில் ஊருக்குக் கூட்டிப் போகிற தகப்பனார், ‘அருவி தெளியவைத்துவிட்டது’ என்று சொல்லுகின்றார். அருவிக்குப் பதிலாக ஒரு ஆலமரத்தடியில் மூன்று மாதம் உட்காரவைத்திருந்தாலும் பெரும்பாலும் அதே பலன்தான் கிடைத்திருக்கும். மழை ஓயும் நேரத்தில் குடையை விரித்தவன், என் குடைதான் மழையை நிறுத்தியது என்று சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா? சக்கரக் குழியும், தர்காவும், அந்தோணியாரும் சம்பாதித்திருக்கும் பெயரில் இந்தக் குடைக் கணக்கு எவ்வளவு என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வருஷம் நோய் திரும்பி வந்தால் அருவியின்மேலோ, அம்மன்மேலோ குற்றம் சொல்லுகிறவர்கள் உண்டா? கிடையாது. நேர்ந்துகொண்ட முடியை இறக்கவில்லை, கிடாவை வெட்டவில்லை, கவிச்சி தின்றுவிட்டான் என்று குற்றம் முழுவதும் பெற்றோர் தலையில் விழுகின்றது. குணமானால் புகழ் சாமிக்கு, குணமாகாவிட்டால் பழி தாய் தகப்பனுக்கு! இதைப்போல் எந்தக் காலத்திலும் நஷ்டமே வராத வியாபாரம் உலகத்தில் வேறு உண்டா என்று கேட்கின்றோம்.

குளிர்ந்த தண்ணீரால் புத்தி தெளியும் என்று நினைத்தது நம்மவர்கள் மாத்திரமல்ல. வெள்ளைக்காரர்களும் 18, 19-ம் நூற்றாண்டுகளில் தங்கள் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைக் கட்டிவைத்துத் தலையில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டிப் பார்த்தவர்கள்தான். பலனில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். விட்டுவிடத் தெரிந்ததுதான் அவர்களுடைய புத்தி. பிடித்ததை விடாமலிருப்பது நம்முடைய பக்தி. குற்றாலத்தில் குளிக்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தாராளமாகக் குளியுங்கள், உடம்புக்கும் மனதுக்கும் உற்சாகமாயிருக்கும். ஆனால் குளிப்பு வேறு, வைத்தியம் வேறு.

இங்கே ஒரு ஆக்ஷேபணை வரும். கோயிலில் தங்கினால் மனநோய் குறைகிறதென்று படித்த டாக்டர்களே எழுதியிருக்கிறார்களே என்பார்கள். வாஸ்தவம். தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 நோயாளிகளைப் பெங்களூர் டாக்டர்கள் கவனித்து, அவர்களுடைய நோய்க்குறிகள் 100-க்கு 20 பங்கு அளவில் குறைந்ததாக 2002-ல் ஒரு இங்கிலீஷ் வைத்தியப் பத்திரிகையில் எழுதினார்கள். அந்தக் கோயிலில் நடந்தது என்ன? சங்கிலி இல்லை, அடி இல்லை, கூடவே ஒரு உறவினர், வேளைக்குச் சாப்பாடு, சின்னச் சின்ன வேலை, அமைதி. இவ்வளவும் கிடைத்தால் எந்த நோயாளிக்கும் கொஞ்சம் தேறத்தானே செய்யும்? இதில் சாமியின் பங்கு எவ்வளவு, சாப்பாட்டின் பங்கு எவ்வளவு, தானாகத் தணிந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, கோயிலுக்குப் போகாத இன்னொரு கூட்டத்தாரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஆகவே அன்பாக நடத்துங்கள் என்பதற்கு அது சாட்சியாகுமே ஒழிய, மருந்து வேண்டாம் என்பதற்குச் சாட்சியாகாது.

மருந்தின் கதை வேறு விதமானது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பக்கத்தில் ஜான் கேட் என்ற டாக்டர் ஒருவர் இருந்தார். சிங்கப்பூரில் ஜப்பானியர்களிடம் யுத்தக் கைதியாய் மூன்று வருஷத்துக்குமேல் கிடந்துவிட்டு ஊர் திரும்பியவர். ஆஸ்பத்திரியின் பழைய சாமான் அறை ஒன்றில், மனநோய்க்குக் காரணம் உடம்பில் ஊறும் ஏதோ ஒரு விஷந்தான் என்று எண்ணி, கினிப் பன்றிகளுக்கு ஊசிபோட்டுப் பார்த்தார். அதற்குத் துணையாகச் சேர்த்த லித்தியம் என்ற ஒரு தாது உப்பு அந்தப் பிராணிகளைச் சாந்தப்படுத்தியதைக் கண்டார். முதலில் அதைத் தானே தின்று பார்த்தார். பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்து, வெறி நோய் பிடித்த 10 பேர் தேறியதை 1949 செப்டம்பரில் எழுதி வெளியிட்டார். அவர் கொண்டிருந்த விஷ எண்ணம் தப்பு. கண்ட பலன் உண்மை. விஞ்ஞானம் தப்பைத் தள்ளிவிட்டு உண்மையை எடுத்துக்கொண்டது. அதோடும் விடவில்லை. 1954-ல் டென்மார்க் தேசத்து டாக்டர்கள், நோயாளிகளில் சிலருக்கு மருந்தும் சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானித்து, தானாகத் தணிவதைவிட மருந்தினால் தணிவது அதிகமா என்று பரீட்சை பார்த்தார்கள். மருந்து ஜெயித்தது. எந்த அருவிக்காவது, எந்தத் தாயத்துக்காவது இப்படி ஒரு பரீட்சை வைக்க அதன் சொந்தக்காரர்கள் சம்மதிப்பார்களா?

ஜான் கேட் முதன்முதலில் மருந்து கொடுத்த மனிதனுடைய கதையை ஒவ்வொரு தாயும் தகப்பனும் தெரிந்துகொள்ள வேண்டும். அவனுக்கு வயது 51. ஐந்து வருஷமாக ஆஸ்பத்திரியில் வெறியிலேயே கிடந்தவன். 1948 மார்ச்சில் மருந்து ஆரம்பித்து, ஜூலையில் வீட்டுக்குப் போய், பழைய உத்தியோகத்தையே பார்க்க ஆரம்பித்தான். ‘நன்றாய்த்தானே இருக்கிறேன்’ என்று மருந்தை நிறுத்தினான். ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பி ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தான். மறுபடி மருந்து கொடுத்தார்கள், மறுபடி தேறினான். ஆனால் இரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறதென்று அளந்து பார்க்கும் வழக்கம் அந்தக் காலத்தில் இல்லாததால், அளவு மிஞ்சி, 1950-ல் அந்த மருந்தின் விஷத்தினாலேயே செத்துப்போனான். இந்த ஒரு மனிதனிடத்தில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. காரணமில்லாமல் மருந்தை நிறுத்துவது ஆபத்து என்பது ஒன்று. அளக்காமல் மருந்தைத் தின்பது ஆபத்து என்பது மற்றொன்று. முதற்பாடத்தை மாத்திரம் சொல்லும் டாக்டரும், இரண்டாவது பாடத்தை மாத்திரம் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரரும் பாதி உண்மையைத்தான் சொல்லுகின்றவர்கள்.

இனிப் பெற்றோர்கள் மாத்திரைக்கு விரோதமாய்ச் சொல்லும் நியாயங்களைப் பார்ப்போம். அவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட நாம் தயாராயில்லை. பிள்ளையின் வாய்க்குள் போகிற எதையும் சந்தேகப்படுவது தாயின் உரிமையாகும்.

முதலாவது, மாத்திரை தின்னும்போது பிள்ளை நன்றாய்த்தானே இருக்கிறான், இனி எதற்கு என்கின்றார்கள். இது மேலே சொன்ன குடைக் கணக்கைத் தலைகீழாகப் போட்டதாகும். அருவியில் குளித்தபின் தெளிந்தால் அருவிக்குப் புகழ். மாத்திரை தின்று தெளிந்தால் மட்டும் மாத்திரைக்குப் புகழில்லை, அது தேவையில்லை என்ற தீர்ப்பு! நிறுத்தியவுடனே எல்லாருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. சிலருக்கு நடுக்காலம் கொஞ்ச நாள் நீடிக்கலாம். ‘பார்த்தாயா, நிறுத்தினேன், ஒன்றும் வரவில்லை’ என்பார்கள். வந்த பிறகோ, ‘அன்றைக்குத் தின்ற மாத்திரையால் வந்த வினை’ என்பார்கள். லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால், மெதுவாகக் குறைத்து நிறுத்துவதைவிட நோய் சீக்கிரத்தில் திரும்புகின்றது என்பது பல ஆராய்ச்சிகளில் கண்டதாகும். மருந்து தற்கொலைகளைக் குறைக்கின்றது என்பதும் அப்படியே. ஆதலால் டாக்டருக்குத் தெரியாமல் மாத்திரையைச் சாக்கடையில் போடுகிறவர்கள், எதைச் சாக்கடையில் போடுகிறோம் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, இது மயக்க மருந்து, பழக்கமாகிவிடும், உடம்பைக் கெடுக்கும் என்கின்றார்கள். லித்தியம் மயக்க மருந்துமல்ல; கள், சாராயம்போல் ஆசையை உண்டாக்கும் வஸ்துவுமல்ல. ஆனால் உடம்பைத் தொடும் என்பது உண்மை. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. தாகம் எடுக்கும், கை நடுங்கும், உடம்பு கனக்கும், நீண்டநாள் தின்றால் தைராய்டையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். இதற்காகத்தான் இரத்தத்தைச் சோதிப்பது. லிட்டர் இரத்தத்தில் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை மருந்தாகும், 1.5-க்கு மேல் போனால் விஷமாகும். வயிற்றுப்போக்கு, வாந்தி கண்டாலும், தண்ணீரும் உப்பும் திடீரென்று குறைந்தாலும், வலிக்கென்று கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளைச் சேர்த்துத் தின்றாலும் அந்த அளவு ஏறிவிடும். உபவாசம், விரதம் என்று பிள்ளையைத் தண்ணீர் குடிக்காமல் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வால்புரோயேட் என்று இன்னொரு மருந்து உண்டு. கருவுற்ற பெண் அதைத் தின்றால் குழந்தைக்குப் பிறவிக் குறைகளும் புத்திக் குறைவும் உண்டாக இடமுண்டு. ஆகவே பெண்பிள்ளைக்கு அதை எழுதினால், வேறு மருந்து இல்லையா என்று கேட்க வேண்டியது பெற்றோர் கடமையும், அந்தப் பெண்ணின் உரிமையுமாகும்.

மூன்றாவது, டாக்டர்கள் எல்லாக் குறும்புக்காரப் பிள்ளைகளுக்கும் நோய்ப் பெயர் சூட்டுகிறார்கள் என்கின்றார்கள். இதிலும் உண்மை இல்லாமலில்லை. அமெரிக்காவில் 1994-95-க்கும் 2002-03-க்கும் இடையில் இந்த நோய்ப் பெயரோடு சிறுவர்கள் டாக்டரிடம் போனது சுமார் 40 மடங்கு ஏறியது. பிள்ளைகளின் மூளை எட்டு வருஷத்தில் 40 மடங்கு கெட்டுவிடுமா? கெடவில்லை, பெயர் சூட்டுவதுதான் பெருகியது. இதைக் கண்டித்தவர்களும் டாக்டர்களேயாவார்கள். ஆதலால் சின்னக் குழந்தைக்கு இந்தப் பெயர் சூட்டினால் இன்னொரு டாக்டரையும் கேளுங்கள். ஒரு டாக்டர் சொன்னதை இன்னொரு டாக்டரிடம் கேட்பது துரோகமாகாது. ஒரு சாமியாடி சொன்னதை இன்னொரு சாமியாடியிடம் கேட்டால்தான் தெய்வகுற்றம்!

நான்காவது, மாத்திரை தின்பது வெளியே தெரிந்தால் கலியாணம் நடக்காது என்கின்றார்கள். கலியாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கலியாணம் ஆகும் என்று நம் நாட்டில் ஒரு பழமொழியே இருக்கின்றது. இந்தப் பழமொழியை நம்பி நோயை மறைத்து, மாத்திரையை நிறுத்தி, மகனுக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைக்கிறவர்கள், ஒரு உயிருக்குப் பதில் இரண்டு உயிரைக் கிணற்றில் தள்ளுகின்றார்கள். பெண்பிள்ளையானாலோ, நோய் தெரிந்த மறுநாளே அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு மாப்பிள்ளை வேறு கலியாணத்துக்குக் கிளம்பிவிடுகின்றான். சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளுகிறவன் சபையில் தலைநிமிர்ந்து நடக்கின்றான். மூளைக்கு மாத்திரை தின்கிறவள் மட்டும் ஏன் தலைகுனிய வேண்டும்? இது முன்ஜென்ம பாவமுமல்ல, குலசாபமுமல்ல. குடும்பத்தில் ஓடக்கூடிய ஒரு வியாதி. அதுவும் தாய் தகப்பன் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் 100-க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வருவது.

இவ்வளவும் சொன்ன பிறகு, டாக்டரும் ஒரு பூசாரிதானே, அவர் சொன்னதை நம்பு என்கிறீர்களே என்று சிலர் கேட்கலாம். நம்பு என்று நாம் சொல்லவில்லை. கேள் என்றுதான் சொல்லுகின்றோம். பூசாரியிடம் எந்தக் கணக்கும் இல்லை. டாக்டரிடம் இரத்தச் சோதனைச் சீட்டு இருக்கின்றது. அதில் எண் இருக்கின்றது. அந்த எண்ணை நீங்களும் வாசிக்கலாம். கேள்வி கேட்டால் சீறுகிற டாக்டரும், சீட்டைக் காட்டாத டாக்டரும் வெள்ளைச் சட்டை போட்ட பூசாரியேயாவார். அவரை விட்டு வேறு டாக்டரிடம் போங்கள், மாத்திரையை விட்டு ஓடாதீர்கள். காலணா விலையுள்ள ஒரு நோட்டு வைத்து, பிள்ளை இன்று எத்தனை மணி தூங்கினான், என்ன சாப்பிட்டான், எந்த மாத்திரை கொடுத்தோம், மனம் எப்படி இருந்தது என்று தினம் ஒரு வரி எழுதி வையுங்கள். தூக்கம் குறைவதுதான் பெரும்பாலும் முதல் அடையாளம். ஆறு மாதத்து நோட்டு கையிலிருந்தால், டாக்டரும் உங்களை ஏமாற்ற முடியாது, கோடாங்கியும் ஏமாற்ற முடியாது, உங்கள் ஆசையும் உங்களை ஏமாற்ற முடியாது.

மாத்திரையை விட்டவர்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் எது என்பதற்கு நம் நாட்டில் ஒரு சாட்சி இருக்கின்றது. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்களை வைத்திருந்த கொட்டகை ஒன்றில், 2001-ம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலை தீப்பிடித்தது. காலில் சங்கிலி; ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைச் சங்கிலியில் விட்டுப் போனவர்கள் விரோதிகளல்ல, பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களுந்தான். எந்தத் தெய்வமும் அந்தச் சங்கிலிகளில் ஒன்றையாவது அவிழ்த்துவிட வரவில்லை. அவிழ்த்தது பிறகு வந்த சட்டந்தான். 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் அமுலில் இருப்பது, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று தடுத்திருப்பதோடு, சர்க்கார் செலவில் நடக்கும் மனநல வைத்தியத்தைப் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்றும் சொல்லுகின்றது.

உரிமை காகிதத்தில் இருந்து என்ன பயன்? இந்தியா முழுவதும் 2015-16-ல் எடுத்த மனநலக் கணக்கில், இந்த இருதுருவ நோயுள்ளவர்களில் 100-க்கு 70 பேர் வைத்தியமே இல்லாமல் இருந்ததாகத் தெரிந்தது. ஆகவே தென்காசிப் பக்கத்துத் தோழர்கள் செய்ய வேண்டியது என்னவென்றால், உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குத் தூக்கம் போய்ப் பேச்சு மிஞ்சினாலும், சோறு போய்ப் பேச்சு அற்றாலும், கோடாங்கி வருவதற்குமுன் நீங்கள் அந்த வீட்டுக்குப் போய், சர்க்கார் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதாகும். தெரியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால், 2022 அக்டோபர் முதல் நடந்துவரும் சர்க்காரின் மனநல உதவியிலிருந்து இரவும் பகலும் தமிழிலேயே ஆலோசனை சொல்லுவார்கள். அதற்குக் காணிக்கை இல்லை, முடி இறக்க வேண்டியதில்லை, ஜாதி கேட்பதில்லை. சாகப்போகிறேன் என்று பிள்ளை வாய்விட்டுச் சொன்னால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள்.

சாரல் காலம் வருஷாவருஷம் வரும். அருவி எங்கேயும் ஓடிப்போகாது. பிள்ளையின் படிப்பும், வயதும், உயிரும் அப்படியல்ல. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய், மாத்திரையை வாங்கி, அளவை அளந்து, நோட்டில் எழுதிவிட்டு, பிறகு தெளிந்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு குற்றாலத்துக்கு வாருங்கள். அப்போது அருவி ஒரு பேயையும் விரட்ட வேண்டியதில்லை. தண்ணீராக விழுந்தாலே போதும்.